அக்கம்பக்கக் காவல்: தமிழில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றிச் சனிக்கிழமை இரவுகளில் நடந்துவரும் தொண்டூழியர் குழுவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். தமிழ் பேசுபவள் என்பதால், சமூக மன்றத்தில் காவல்துறை கூட்டம் வைத்தாலும் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், ஞாயிற்றுக்கிழமை துண்டுப் பிரசுரம் கொடுத்தாலும் என்னையும் கூப்பிட்டுக்கொள்வார்கள். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அவற்றில் பாதி இங்கே இருக்கின்றன. நான் அதிகாரி அல்ல, வழக்கறிஞரும் அல்ல. சட்டத்தைச் சட்டமாகவும் என் கருத்தை என் கருத்தாகவும் பிரித்து எழுதியிருக்கிறேன்.

போலிஸ்தான் இருக்கிறதே, நாங்கள் எதற்கு?

காப்பிக் கடையில் இதைக் கேட்காத மாமா கிடையாது. கேட்டுவிட்டு, "நம் வேலையைப் பார்த்துக்கொண்டு போவோம்" என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

அந்தக் காலத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) புது ஆள் நுழைந்தால் நாய் குரைப்பதற்கு முன் திண்ணைக் கிழவி "யாரப்பா அது?" என்று கேட்டுவிடுவாள் என்பார் என் மாமியார். அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்தபோது அந்தக் கிழவியை நாம் கூட்டிவரவில்லை. பன்னிரண்டாம் மாடியில் எதிர் வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் வாழப் பழகினோம். 1981இல் தேசியக் குற்றத்தடுப்பு மன்றம் தொடங்கியதும், அதே காலத்தில் அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் கண்காணித்துக்கொள்ளும் குழுக்கள் வந்ததும் இந்தச் சூழலில்தான். 1983இல் ஜப்பானின் 'கோபான்' முறையைப் பார்த்து, தோ பாயோ வட்டாரத்தில் சின்னச் சின்னக் காவல் சாவடிகள் திறக்கப்பட்டன. பெரிய நிலையத்துக்குள்ளும் ரோந்துக் காருக்குள்ளும் இருந்த போலிஸ்காரர் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்தார். முகம் தெரிந்தது, பெயர் தெரிந்தது.

1997இல் குவீன்ஸ்டவுனில் தொடங்கி, சாவடிகளைவிடப் பெரிய அக்கம்பக்கக் காவல் நிலையங்கள் வந்தன. சாவடியில் புகாரை எழுதிக்கொண்டு விசாரணைக்கு வேறிடம் அனுப்பும் அலைச்சல் குறைந்தது. ஆனால் நிலையம் பெரிதானால் முகம் மறையும். 2012இல் சமூகக் காவல் முறையைப் புதுப்பித்து, வீடு வீடாகப் போய்ப் பேசுவதையும் நடந்தும் சைக்கிளிலும் சுற்றிவருவதையுமே வேலையாகக் கொண்ட அதிகாரிகளை நிலையங்களில் அமர்த்தத் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டுகளாக இந்த ஊசல் ஆடிக்கொண்டே இருக்கிறது. இப்போது சில சாவடிகளில் ஆளே இல்லை. இயந்திரத்தின் முன் நின்று காணொளியில் அதிகாரியிடம் பேச வேண்டும். இளையவர்களுக்கு அது வசதி. என் மாமியார் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

நாங்கள் எதற்கு என்றால், அந்தக் கிழவியின் வேலைக்கு. யார் வீட்டில் மூன்று நாளாக விளக்கு எரியவில்லை, எந்தப் பையன் பள்ளி நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான், எந்தப் பணிப்பெண் குப்பை போட வரும்போது முகத்தை மறைக்கிறாள் என்பதெல்லாம் ரோந்துக் காருக்குத் தெரியாது.

தொண்டூழியர் என்றால் திருடனைப் பிடிக்க வேண்டுமா?

வேண்டாம். பிடிக்காதீர்கள். குழுவாக நடக்கிறோம், கார் நிறுத்துமிடத்தையும் சைக்கிள் நிறுத்துமிடத்தையும் பார்க்கிறோம், பூட்டாமல் கிடக்கும் கதவைத் தட்டிச் சொல்கிறோம், சந்தேகமாக எதையாவது கண்டால் அழைக்கிறோம். பெரும்பாலான இரவுகளில் ஒன்றும் நடக்காது. கொசுக்கடிதான் மிச்சம்.

பிடியாணை இல்லாமல் கைதுசெய்யக்கூடியதும் பிணையில் விட முடியாததுமான குற்றத்தை ஒருவர் உங்கள் கண் முன்னால் செய்தால், தனிமனிதரும் அவரைப் பிடிக்கலாம். தாமதமின்றி போலிசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. எது பிணையில் விடக்கூடியது, எது கூடாதது என்று நள்ளிரவில் மின்தூக்கி வாசலில் நின்று யோசிக்கப் போகிறீர்களா? ஆளின் உயரம், சட்டை நிறம், போன திசை ஆகிய மூன்றையும் சரியாகச் சொன்னால் அதுவே பெரிய உதவி.

எங்கும் கேமரா இருக்கிறது. பிறகு கண்காணிப்பு எதற்கு?

காவல்துறைக் கேமராக்கள் 2012 முதல் வைக்கப்பட்டு, 2016க்குள் ஏறக்குறைய 10,000 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கும் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களுக்கும் வந்துவிட்டன. எண்ணிக்கையை 200,000க்கு மேல் கொண்டுபோவது இலக்கு. கேமராவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரர்களின் ஆட்கள் கடனாளியின் கதவில் சிவப்பு வண்ணம் ஊற்றிவிட்டுப் போவது முன்பெல்லாம் எங்கள் பேட்டையில் வாடிக்கை. கேமரா வந்த பின் அது வெகுவாகக் குறைந்தது.

ஆனால் கேமரா வைத்திருப்பது மின்தூக்கி வாசலிலும் படிக்கட்டிலும். அடி விழுவது படுக்கையறையில். பணம் பறிபோவது கைத்தொலைபேசியில். அங்கே கேமரா கிடையாது, இருக்கவும் கூடாது. அந்த இடங்களிலிருந்து யாராவது வாய் திறந்து சொன்னால்தான் தெரியும்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. 999க்கு அழைத்தால் என்ன பேசுவது?

முதலில் இடம். புளோக் எண், தெருப் பெயர், மாடி. அதைச் சொன்ன பிறகு "தமிழ்" என்று ஒரு சொல் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். பதற்றத்தில் எல்லாரும் கதையை முதலிலிருந்து தொடங்குகிறார்கள். "என் மருமகன் நல்லவன்தான், ஆனால்..." என்று தொடங்கிய ஒரு பாட்டியிடமிருந்து முகவரி வாங்க எனக்கே நேரம் பிடித்தது.

பேசினால் ஆபத்து என்ற நிலையில் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். பழைய எண் 71999 இன்னும் பலருடைய தொலைபேசியில் இருக்கிறது. மாற்றிக்கொள்ளுங்கள். தீ, ஆம்புலன்ஸ் என்றால் 995. அவசரமில்லாத தகவலுக்கு 1800-255-0000.

வாக்குமூலம் கொடுக்கும்போது மொழி இன்னும் முக்கியம். அதிகாரி எழுதிய வாக்குமூலத்தை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலம் புரியாதவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். அதன் பிறகே கையெழுத்து. திருத்தம் இருந்தால் அப்போதே சொல்லலாம். உங்கள் மேலேயே குற்றச்சாட்டு வரக்கூடிய எதையும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை என்பதும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. நம்மவர்களிடம் ஒரு பழக்கம்: புரியாவிட்டாலும் தலையாட்டுவது. மரியாதை என்று நினைத்துச் செய்கிறோம். வாக்குமூலத்தில் அந்த மரியாதை வேண்டாம். "புரியவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

நான் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறேன், அக்கா. போலிசுக்குப் போனால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?

என் நோட்டில் அதிகப் பக்கங்களை எடுத்துக்கொண்ட கேள்வி இது. தேக்காவில் கேட்பவர்கள் பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு கேட்பார்கள்.

புகார் கொடுத்தால் அனுமதி ரத்தாகும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அடிபட்டவர், பணம் இழந்தவர், சாட்சியாக இருப்பவர் எல்லாருக்கும் குடிமகனுக்கு உள்ள அதே 999தான். விசாரணைக்கு ஒருவர் இங்கே தேவைப்பட்டால், வேலை அனுமதி முடிந்துவிட்டாலும் தங்கியிருக்கச் சிறப்பு அனுமதி கொடுக்கும் வழி இருக்கிறது. கடவுச்சீட்டைப் பிறர் பிடுங்கி வைத்துக்கொள்வது குற்றம். "பத்திரமாக இருக்கட்டும் என்று முதலாளி வாங்கி வைத்தார்" என்பார்கள். கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பயம் கற்பனை என்று சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனம் வராது. அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் ரத்து செய்ய நினைத்தால் அதற்கு வேறு காரணம் சொல்லலாம். ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் தீராமல் இருக்கும்போது, முகத்தில் குத்து வாங்கியவனும் "கீழே விழுந்துவிட்டேன்" என்றுதான் சொல்வான். எனக்கு ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். கண்ணைச் சுற்றி ஐந்து விரலும் பதிந்திருந்தது. அவர் கடைசிவரை புகார் கொடுக்கவில்லை, நான் வற்புறுத்தவும் இல்லை. சரியாகத்தான் செய்தேனா என்று இன்றும் தெரியவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: தனியாகப் போகாதீர்கள். சம்பளம், விடுதி, காயத்துக்கான இழப்பீடு ஆகியவை மனிதவள அமைச்சின் விவகாரம். அடி, மிரட்டல், திருட்டு, மோசடி ஆகியவை போலிஸ் விவகாரம். இரண்டும் கலந்திருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையம், ஹோம், டிடபிள்யூசி2 போன்ற ஊழியர் உதவி அமைப்புகள் எங்கே முதலில் போக வேண்டும் என்று சொல்லும், சில நேரம் கூடவே வரும். விடுதிகளில் மனிதவள அமைச்சின் ஏஸ் பிரிவோடு சேர்ந்து உதவும் சக ஊழியர்கள் இருக்கிறார்கள். 2020இல் கொவிட் பரவி விடுதிகள் பூட்டப்பட்ட பிறகு உருவான பிரிவு அது. அந்த மாதங்களில் வதந்தி எவ்வளவு வேகமாக ஓடியது, ஒரு நல்ல தமிழ்க் குரல்பதிவு அதை எப்படி நிறுத்தியது என்பதை அங்கே இருந்தவர்களிடம் கேளுங்கள்.

இன்னொன்று, இது எச்சரிக்கை. "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, உன் சிங்பாஸ் கொடு, 500 வெள்ளி தருகிறேன்" என்று யாராவது கேட்டால், அவர் உங்களைக் கேடயமாகப் பிடிக்கிறார். மோசடிப் பணம் உங்கள் கணக்கில் வந்தால் போலிஸ் உங்கள் பெயரில்தான் வரும். 2023இல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். சிங்பாஸ் என்பது அரசாங்கச் சேவைகளுக்கான உங்கள் இணைய அடையாளம்; அதன் விவரத்தை இப்படிக் கொடுப்பதே குற்றம். ஊருக்கு அனுப்பப்படுவோமோ என்று பயந்து புகார் கொடுக்காதவர்களில் சிலர், இதைச் செய்து சிறைக்குப் போய்விட்டுத்தான் ஊருக்குப் போனார்கள்.

2013 தேக்கா கலவரம் போல மறுபடியும் நடக்குமா?

அந்த டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஊழியர்களை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பஸ் ஒன்றின் அடியில் சிக்கி, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில் 33 வயதுத் தமிழ் ஊழியர் ஒருவர் இறந்தார். சற்று நேரத்தில் கூட்டம் கொதித்தது. போலிஸ் வண்டிகள் கவிழ்ந்தன, ஆம்புலன்ஸ் எரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் அப்படி ஒன்று நடந்ததில்லை. போலிஸ் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கிறேன்.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அறிக்கை கொடுத்தது. விபத்தும் அதைப் பற்றிய தவறான எண்ணமும்தான் உடனடிக் காரணம், மது அதை வளர்த்தது, வேலை, தங்குமிடக் குறைகள் காரணமல்ல என்பது அதன் முடிவு. சிக்கிய ஊழியரை விட்டுவிட்டுப் பஸ் ஓட்டுநரையும் நேரக்காப்பாளரையும் காப்பாற்றுகிறார்கள் என்று கூட்டம் நினைத்தது. உண்மையில் மீட்புப் பணியாளர்கள் பஸ்ஸின் அடியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 25 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

பிறகு வந்தவை உங்களுக்குத் தெரியும். 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணிவரை தீவு முழுவதும் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். கூடுதல் விளக்குகள், கேமராக்கள், சுற்றுக்காவல் வந்தன. பஸ் ஏறும் இடங்களை ஒழுங்குபடுத்தினார்கள். ஊழியர்கள் தேக்காவுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றில்லாமல் விடுதிகளுக்கு அருகிலேயே பொழுதுபோக்கு நிலையங்கள் பெருகின. இதில் ஒரு பகுதி நல்லது. இன்னொரு பகுதி, "நீங்கள் இங்கே வராமல் இருந்தால் நல்லது" என்று சொல்வதுபோல எனக்குப் பட்டது. மளிகை வாங்கவும் ஊர்க்காரரைப் பார்க்கவும் வீரமாகாளியம்மன் கோவிலுக்குப் போகவும் வரும் ஒருவரை, வாரம் முழுக்கக் கூட்டமாக மட்டுமே பார்த்துவிட்டு ஒரு நாள் கலகக்காரனாகப் பார்ப்பது எளிது.

மறுபடி நடக்குமா என்றால், பூசாரிக்கே தெரியாது. அந்தச் சந்தியில் "அவரைக் கைவிடவில்லை, பஸ்ஸின் அடியில் மீட்பு வேலை நடக்கிறது" என்று தமிழில், உரத்த குரலில், கூட்டம் நம்பும் ஒருவர் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். இது என் கருத்து, அறிக்கையின் கருத்தல்ல. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாரிகளோடு நாங்கள் போய்ப் பேச்சுக் கொடுப்பதும், கடைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுமளவு பழகுவதும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். கூட்டம் கூடிய பிறகு பழகிக்கொள்ள முடியாது.

பக்கத்து வீட்டில் அடிக்கிற சத்தம் கேட்கிறது. குடும்ப விஷயத்தில் தலையிடலாமா?

தலையிடலாம். "கணவன் மனைவி சண்டை, காலையில் சேர்ந்துகொள்வார்கள்" என்று சொல்லிச் சொல்லியே நாம் நிறையப் பேரைக் கைவிட்டிருக்கிறோம்.

அந்த நிமிடத்தில் உயிருக்கு ஆபத்து என்றால் 999. உடனடி ஆபத்து இல்லை, ஆனால் தொடர்ந்து நடக்கிறது என்றால் வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800-777-0000, 24 மணி நேரமும். அழைக்க நீங்கள் உறவினராக இருக்க வேண்டியதில்லை. கதவைத் தட்டி நியாயம் பேசப் போகாதீர்கள். நீங்கள் போன பிறகு அந்தப் பெண்ணுக்கு இன்னும் இரண்டு அடி விழலாம்.

திருமணம், குடும்பம் பற்றிய சட்டமான மாதர் சாசனத்தில் செய்த திருத்தங்கள் 2025 ஜனவரி 2 முதல் நடப்பில் இருக்கின்றன. குடும்ப வன்முறை என்றால் உடல்மீதான அடி மட்டுமல்ல. பாலியல் வன்முறை, மனத்தை நொறுக்கும் பேச்சு, பணத்தையும் தொலைபேசியையும் பிடுங்கி ஆட்டிவைப்பது எல்லாம் அதில் வரும். 18 வயதிலேயே சொந்தமாக நீதிமன்றப் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம், முன்பு 21. ஆபத்து அதிகமான சம்பவங்களில் போலிசோடு சமூகப் பணியாளர்களும் நேரில் வரும் ஏற்பாடும் அதே ஆண்டில் தொடங்கியது. இது எனக்குப் பெரிய நிம்மதி. சீருடையைக் கண்டதும் "ஒன்றுமில்லை சார்" என்று சொல்லும் பெண், சீருடை இல்லாத ஒருவர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும்போது வாய் திறப்பாள்.

மாமியார் அடிப்பது, மகன் தாயை அடிப்பது, இதற்கெல்லாம் சட்டம் உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு. சத்தமே வராத வீடுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பென்ஷன் பணத்துக்காகத் தகப்பனைப் பட்டினி போடும் வீட்டில் சண்டைச் சத்தம் கேட்காது.

பணிப்பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களைத் துன்புறுத்தும் முதலாளிக்கும் அவர் வீட்டாருக்கும் வழக்கமான தண்டனையைப்போல இரு மடங்குவரை விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்ணை நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, "நம்ம பொண்ணு மாதிரி" என்று சொல்லி விடுமுறை நாள் கொடுக்காதவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

என் மகன் கும்பலில் சேர்ந்துவிட்டானோ என்று பயம். போலிசிடம் சொன்னால் அவன் வாழ்க்கை போய்விடாதா?

கேட்டவர் ஓர் அம்மா. கேள்வி முடிவதற்குள் அழுதுவிட்டார். நம் சமூகத்தில் இதைப் பேச வெட்கப்படுகிறோம். வெட்கம்தான் கும்பலுக்கு வசதி.

போலிசிடம் போவது முதல் படியாக இருக்க வேண்டியதில்லை. பள்ளி ஆலோசகர், குடும்பச் சேவை நிலையம், சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்), இந்த மூன்றில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். வட்டாரக் காவல் நிலையத்தில் சமூகப் பிரிவு அதிகாரிகளிடம் பெயர் சொல்லாமலும் யோசனை கேட்கலாம். நான் அனுப்பியவர்களை அவர்கள் மரியாதையோடுதான் நடத்தினார்கள்.

பையன் ஏற்கெனவே சிறு குற்றம் ஒன்றில் மாட்டிக்கொண்டால், நேராக நீதிமன்றம்தான் என்றில்லை. 1997 முதல் ஒரு வழிகாட்டித் திட்டம் இருக்கிறது. ஆறு மாதம் ஆலோசனைக்கும் பயிற்சிக்கும் ஒழுங்காக வந்து முடித்தால், வழக்குக்குப் பதிலாகக் கடும் எச்சரிக்கையோடு விடுவார்கள். எல்லாருக்கும் கிடைக்காது, முதல் தடவை, சிறிய குற்றம் என்பது பெரும்பாலும் தேவை. விசாரணையில் சிறுவர் தனியாக உட்காராமல், பயிற்சி பெற்ற ஒரு தொண்டூழியர் உடன் அமரும் முறை 2017 முதல் படிப்படியாக வந்தது. அவர் பெற்றோர் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. பிள்ளைக்குக் கேள்வி புரிகிறதா, தலை சுற்றுகிறதா, தண்ணீர் வேண்டுமா என்று பார்ப்பவர். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த ஏற்பாடு அதற்கும் முன்பே வந்துவிட்டது. தமிழ் பேசும் தொண்டூழியர்கள் அங்கே தேவை, கவனத்தில் வையுங்கள்.

எட்டாம் மாடித் தாத்தா இரவில் கத்துகிறார். போலிசைக் கூப்பிடுவதா?

கையில் கத்தி இருந்தால், மாடிக் கம்பியில் ஏறி நின்றால், கூப்பிடுங்கள். அழைக்கும்போதே "மனநலப் பிரச்சினை இருக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் குற்றம் இல்லை. "போலிஸ் கேஸ் ஆகிவிடும்" என்று ஆம்புலன்சைத் தாமதப்படுத்திய குடும்பங்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆபத்து இல்லை, தூக்கம்தான் கெடுகிறது என்றால் 1771 என்ற மனநல உதவி எண்ணில் கேட்கலாம். எங்கள் எட்டாம் மாடித் தாத்தா விஷயத்தில் தெரியவந்தது இதுதான்: மனைவி இறந்த பிறகு அவரோடு தமிழில் பேச ஒருவரும் இல்லை. இப்போது வாரம் இருமுறை ஒருவர் போய்ச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறார். கத்தல் நின்றுவிடவில்லை. குறைந்திருக்கிறது.

கறுப்பாக இருப்பதால் என்னிடம் மட்டும் அடையாள அட்டை கேட்கிறார்கள். நான் எப்படி உங்கள் கூட்டத்துக்கு வருவேன்?

இருபது வயதுப் பையன் கேட்டது. அறையில் அதிகாரியும் இருந்தார். ஒரு கணம் யாரும் பேசவில்லை.

செய்யக்கூடியது: அட்டையைக் கொடுங்கள், காரணத்தை அமைதியாகக் கேளுங்கள். சாதாரண உடையில் வந்தவரானால் அவருடைய அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. 2015 முதல் அதிகாரிகள் உடலில் கேமரா அணிகிறார்கள். அது அவர்களுக்கும் சாட்சி, உங்களுக்கும் சாட்சி. நடத்தை சரியில்லை என்றால் நாள், நேரம், இடத்தைக் குறித்துக்கொண்டு காவல்துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

என் கருத்து: புகார் கொடுப்பவர்கள் குறைவு என்பதால் பிரச்சினையும் குறைவு என்று சொல்லிவிட முடியாது. இளையவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு ஒரு நாள் அவர்கள் கண் முன்னால் ஒரு குத்து விழும்போது, பார்த்ததைச் சொல்லவும் வரமாட்டார்கள். அன்று அந்த அதிகாரி சாக்குப்போக்குச் சொல்லாமல், "எங்கே, எப்போது?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். பையன் அடுத்த கூட்டத்துக்கும் வந்தான். அதற்கடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

என் அப்பாவுக்கு "போலிசிலிருந்து பேசுகிறோம்" என்று அழைப்பு வருகிறது. எப்படி நம்புவது?

நம்பாதீர்கள். பணத்தை மாற்றச் சொல்லும் போலிஸ் கிடையாது. துண்டித்துவிட்டு 1799க்கு அழையுங்கள். அது மோசடி தொடர்பான உதவி எண். பணம் போய்விட்டிருந்தால் முதலில் வங்கி, உடனே போலிஸ் புகார். 2024இல் மட்டும் 51,501 மோசடிச் சம்பவங்கள், இழப்பு 1.1 பில்லியன் வெள்ளிக்கு மேல். 2025 ஜூலை முதல், ஏமாற்றப்படுபவர் கேட்காவிட்டாலும் அவருடைய வங்கிப் பரிவர்த்தனையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கப் போலிசுக்கு அதிகாரம் உண்டு. "என் பணம், என் இஷ்டம்" என்று சண்டை போடும் அப்பாக்களுக்காகவே எழுதிய சட்டம்போல இருக்கிறது. ஏமாந்தவரை வீட்டில் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை சொல்ல மாட்டார்.

மேல்வீட்டுச் சத்தம், சாம்பிராணிப் புகை, காலணி அலமாரித் தகராறு?

பெரும்பாலும் போலிஸ் விவகாரம் அல்ல. முதலில் பேசுங்கள், முடியாவிட்டால் சமூக சமரச நிலையம். தமிழில் சமரசம் பேசுபவர்களும் இருக்கிறார்கள்.

திருடன் முகத்தை வாட்ஸ்அப்பில் போடலாமா?

போடாதீர்கள். ஒருவருடைய பெயரையும் முகவரியையும் வெளியிட்டு அவரைத் துன்புறுத்தத் தூண்டுவது குற்றம். எங்கள் புளோக்கில் ஒரு முறை தவறான ஆளின் படம் சுற்றியது. உணவு விநியோகிக்க வந்த பையன் அவன். படத்தைக் காவல்துறைக்கு அனுப்புங்கள், அதற்கென்று செயலி இருக்கிறது.

குழுவில் எப்படிச் சேர்வது?

உங்கள் வட்டார அக்கம்பக்கக் காவல் நிலையத்திலோ சமூக மன்றத்திலோ கேளுங்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் நடைமுறை கொஞ்சம் மாறும். வயதானவர் சேரலாம், தூரம் நடக்க முடியாதவர் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கலாம். அதுவும் வேலைதான், சில நேரம் அதுதான் வேலை.

எங்கள் குழுவில் இப்போது சீனர் நால்வர், மலாய்க்காரர் இருவர், தமிழர் மூவர். வங்காளம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. போன மாதம் ஒரு பங்களாதேஷ் ஊழியர் எங்களிடம் வந்து ஏதோ சொல்ல முயன்றார், யாருக்கும் புரியவில்லை, கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மொழி தெரிந்தவர் யீஷூனில் இருந்தால், சனிக்கிழமை இரவு எட்டரைக்குச் சமூக மன்ற வாசலில் மஞ்சள் மேலங்கி போட்டவர்களைக் கேளுங்கள்.